திருவிழாவுக்கு வராதவர்களையும் எண்ணிய மிஸ்

போன மாதம் எங்கள் பழைய அலுவலகத்தில் ஒரு தேநீர் விருந்து. ஓய்வுபெற்றவர்களையும் மறக்காமல் கூப்பிட்டிருந்தார்கள். என் கதிரையில் இப்போது இருக்கும் பிள்ளை ஒரு டெப் கணினியைக் கொண்டுவந்து காட்டினாள். கண்டியைச் சுற்றியுள்ள பிரிவுகள் எல்லாம் அதில் சின்னச் சின்னத் துண்டுகளாகத் தெரிந்தன. பெற்றோரைவிடப் பிள்ளைகள் நல்ல நிலைக்கு வந்திருக்கிற கிராம சேவகர் பிரிவு பச்சை. அப்படியே இருக்கிற பிரிவு மஞ்சள். கீழே போன பிரிவு சிவப்பு. விரலால் தொட்டால் விபரம் விரிகிறது. பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

"மிஸ், அந்தக் காலத்துல இதெல்லாம் எப்புடி செஞ்சீங்க?" என்று கேட்டாள்.

அவள் கேட்ட விதத்தைப் பார்த்தால், நான் என்னவோ வெள்ளைக்காரன் காலத்தில் குதிரை மேல் ஏறிப்போய்த் தோட்டம் தோட்டமாக எண்ணிவிட்டு வந்தவள் என்று நினைத்திருக்கிறாள் போல. நான் ஓய்வு பெற்றது நேற்று முன்தினம் மாதிரித்தான் எனக்கு இருக்கிறது. சிரித்து மழுப்பிவிட்டு, கேக் துண்டைத் தின்றுவிட்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகு மனசு ஆறவில்லை. அவளுக்குச் சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன். எழுதத் தொடங்கினால் அது என்னைப் பற்றியதாக இருக்காது. யோகேஸ்வரி மிஸ்ஸைப் பற்றியதாகத்தான் இருக்கும்.

என் ஆரம்ப காலத்தைச் சொல்ல அதிகம் இல்லை. வாப்பா வத்தேகம சந்தையில் ஒரு புடவைக்கடையில் வேலை செய்தார். நான் வர்த்தகம் படித்து, போட்டிப் பரீட்சை எழுதி, புள்ளிவிபர உத்தியோகத்தராக வந்தேன். தெல்தெனியப் பக்கம் நெல் எண்ணினேன், தென்னை எண்ணினேன், ஆடு மாடு எண்ணினேன். கோழி எண்ணுவதில் என்னை அடிக்க அந்தப் பக்கத்தில் ஆளில்லை. மனிதர்களை எண்ணும் வேலை வந்தபோதுதான் எனக்கு ஒன்றும் தெரியாது என்று தெரிந்தது.

யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி எங்கள் பிரிவுக்குத் தலைவியாக வந்தவர் யோகேஸ்வரி மிஸ். மெலிந்த உடம்பு, பருத்திச் சேலை, காலில் ஆண்கள் போடுவது போன்ற தடித்த செருப்பு. வந்த அன்றைக்கே எங்கள் எல்லோரையும் உட்காரவைத்து ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்தார்.

"முதல்ல உங்கட வீட்டை எண்ணுங்கோ," என்றார். "உங்கட வயசில உங்கட அப்பா என்ன செய்துகொண்டிருந்தவர், நீங்கள் இப்ப என்ன செய்யிறியள், காய்ச்சல் வந்தா வீட்டில படுக்கேலுமோ. இந்த மூண்டையும் எழுதுங்கோ. உங்களுக்கு மட்டுமில்லை. கூடப்பிறந்த எல்லாருக்கும்."

மூன்றாவது கேள்வியைக் கேட்டு நாங்கள் சிரித்தோம். மிஸ் சிரிக்கவில்லை. சம்பளத்தைக் கேட்டால் யாரும் உண்மை சொல்லமாட்டார்கள், கேட்கிறவர்கள் வாங்கும் சம்பளத்தையும் யாருக்கும் சொல்லமாட்டார்கள் என்றார். ஆனால் காய்ச்சல் வந்தால் படுத்திருக்க முடியுமா என்று கேட்டால் எந்த மனிதரும் யோசிக்காமல் சொல்லிவிடுவார். ஒரு நாள் படுத்தால் உலை கொதிக்காது என்கிற நிலையிலிருந்து, படுத்தாலும் பரவாயில்லை என்கிற நிலைக்கு ஒரு குடும்பம் வந்துவிட்டால், அதுதான் முன்னேற்றம் என்பது அவர் கணக்கு. என் வாப்பா காய்ச்சலோடு கடைக்குப் போனதை அன்றைக்குத்தான் நான் முதல்முதலாக நினைத்துப் பார்த்தேன். அந்தத் தாளை எழுதி முடிக்க எனக்கு நெடுநேரம் பிடித்தது.

அவருடைய வேலைமுறை விசித்திரமானது. வீட்டுக்கு இரண்டு பேர் போகவேண்டும். ஒருவர் கதைக்கவேண்டும், மற்றவர் வாயைத் திறக்காமல் கேட்கவேண்டும். எவரும் பேனையை எடுக்கக்கூடாது. "பேனையைக் கண்டால் சனம் கதைக்காது, பதில் மட்டும்தான் சொல்லும்," என்பார். வெளியே வந்து, வீதியோரத்திலோ பஸ் தரிப்பிடத்திலோ உட்கார்ந்து, இரண்டு பேரும் ஆளுக்காள் காட்டாமல் தனித்தனியாக எழுதவேண்டும். பிறகு ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும். வித்தியாசம் இருந்தால் திரும்பிப் போகவேண்டும். மழையில் நனைந்து, அட்டைக்கடி வாங்கி, கால் வலியோடு மேட்டிலிருந்து இறங்கி வந்த பிறகு, "ரிஸ்வானா, நீர் ஒண்டு எழுதியிருக்கிறீர், நான் ஒண்டு எழுதியிருக்கிறன், வாரும் மேல போவம்," என்று அவர் சொன்னால் எனக்கு வருகிற கோபத்தை நான் எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது. நான் கொஞ்சம் முன்கோபக்காரி. அவருக்கு அது தெரியும். நான் முணுமுணுத்துக்கொண்டே பின்னால் வருவேன், அவர் கேட்காதது மாதிரி முன்னால் நடப்பார்.

இனி அந்தத் தோட்டத்துக் கதைக்கு வருகிறேன். வத்தேகமவுக்கு மேலே, பஸ் திரும்பும் இடத்திலிருந்தும் இன்னும் ஏறவேண்டிய ஒரு தோட்டம். பெயரை எழுதமாட்டேன், அங்குள்ளவர்களின் பெயர்களையும் மாற்றித்தான் எழுதுகிறேன். ஏன் என்று போகப் போகத் தெரியும். அங்கே ஒரு தமிழ்ப் பாடசாலை, அதில் ஏ.எல். எனப்படும் ஓர் உயர்தர வகுப்பு. அந்த வகுப்பை மூடி, பிள்ளைகளை டவுனில் உள்ள வேறொரு பாடசாலைக்கு அனுப்புவது என்று ஒரு குழு பேசிக்கொண்டிருந்தது. காரணம், அதற்கு முன் யாரோ எடுத்த ஒரு கணக்கெடுப்பு. அந்தத் தோட்டத்தில் படித்தும் எவரும் முன்னேறவில்லை என்று அது சொன்னது. வீடு வீடாகப் போய் இருந்தவர்களை எண்ணியிருந்தார்கள். இருந்தவர்கள் கொழுந்து பறித்தார்கள், அல்லது வேலையில்லாமல் இருந்தார்கள். அப்படியானால் அந்த வகுப்பு எதற்கு என்பது அவர்கள் வாதம்.

டவுனுக்குப் போகும் காலை பஸ் பாடசாலை தொடங்கிய பிறகுதான் போய்ச் சேரும். பின்னேரம் இறங்கி மேலே ஏறும் வழி முழுக்கப் பற்றைக்காடு, பன்றித் தொல்லை வேறு. பையன்கள் எப்படியாவது போவார்கள். பெண் பிள்ளைகளை யாரும் அனுப்பமாட்டார்கள். அவர்கள் கார்மென்ட்ஸ் என்கிற ஆடைத் தொழிற்சாலைக்குத்தான் போவார்கள். இதை எங்களுக்கு யாரும் விளக்கிச் சொல்லத் தேவையிருக்கவில்லை.

மீண்டும் ஒருமுறை அளந்து பார்க்கும்படி எங்கள் பிரிவுக்கு உத்தரவு வந்தது. மிஸ் போனார், நாங்கள் பின்னால் போனோம். முதல் நாளே ஒன்று பிடிபட்டது. தோட்டத்துச் சனம் வெளியாருக்குப் பிள்ளைகளைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொல்வதில்லை.

"மகன் என்ன செய்யிறார்?"

"என்னமோ கொழும்புல இருக்கான் மிஸ். ஏதோ ஓடுது."

அந்த மகன் சொந்தமாகச் சிகை அலங்காரக் கடை வைத்திருந்தது பிறகு தெரிந்தது. ஒரு தாய் தன் மகள் "ஒரு ஆபிஸ்ல ஏதோ எழுதிக்கிட்டு இருக்கா" என்றாள். மகள் கணக்காளர். கண்ணுபட்டுவிடும் என்ற பயம். எங்கள் ஆட்களுக்கும் அது உண்டு. எனக்கு அரச வேலை கிடைத்த செய்தியை என் உம்மா நெடுநாள் அயலுக்குச் சொல்லவில்லை. முந்திய கணக்கெடுப்புக்காரர்கள் "ஏதோ ஓடுது" என்பதை அப்படியே எழுதிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

மிஸ் கொஞ்சம் யோசித்துவிட்டு, "கோயில் திருவிழா எப்ப?" என்று கேட்டார். மாரியம்மன் திருவிழாவுக்கு வெளியில் இருக்கும் பிள்ளைகள் எல்லாம் வருவார்கள் அல்லவா, வருகிறவர்களிடமே கேட்போம் என்றார். நல்ல யோசனை. அந்த நாட்களில் தோட்டம் அடையாளமே தெரியவில்லை. வேன்கள் வரிசையாக நின்றன. பட்டுச்சேலையும் கைப்பையுமாக இறங்கினார்கள். தாதி, ஆசிரியர், கணக்காளர், டிரைவர், கடைக்காரர். நாங்கள் பந்தலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பொங்கலும் சுண்டலும் தின்றுகொண்டே கதைத்தோம். பிள்ளைகள் தங்களைப் பற்றித் தாங்களே சொல்லும்போது கண்ணுபடும் பயமில்லை. நான் அன்றைக்குப் பூரித்துப்போனேன். இனி எவன் அந்த வகுப்பை மூடுகிறான் பார்ப்போம் என்று மிஸ்ஸிடம் சொன்னேன்.

"வந்தவையை எண்ணிப்போட்டம்," என்றார் மிஸ். "வராதவை எங்கை?"

எனக்கு விளங்கவில்லை.

"நல்லா இருக்கிற பிள்ளை வேன் பிடிச்சு வரும். நொந்துபோன பிள்ளை எந்த முகத்தோட திருவிழாவுக்கு வரும்? அவையை விட்டுப்போட்டு எண்ணினால், முந்தி எண்ணினவை செய்த பிழையைத்தான் நாங்கள் மற்றப் பக்கத்தால செய்யிறம்."

அந்த நிமிடத்தில் எனக்கு அவர் மேல் எரிச்சல் வந்தது உண்மை. இன்று நினைத்தால் மரியாதையைத் தவிர வேறொன்றும் வரவில்லை. தனக்குப் பிடித்த பதில் கைக்கு வந்த பிறகும் தேடுகிற ஆளை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

அந்தப் பாடசாலையில் ஒரே வருடம், உயர்தரத்துக்கு முந்திய சாதாரண தரப் பரீட்சை எழுதிய ஒரு வகுப்பை எடுத்துக்கொண்டோம். அந்த வகுப்பில் இருந்த ஒவ்வொருவரையும் தேடுவது, நல்லவரோ கெட்டவரோ எவரையும் விடுவதில்லை என்பது மிஸ்ஸின் தீர்மானம். ஒருவரைப் பிடித்தால் அவர் இன்னொருவரைச் சொன்னார். கண்டி டவுனில் சிலர், தெல்தெனியவில் சிலர், வெளிநாட்டில் சிலர். மேலே போனவர்கள்தான் அதிகம். அப்படியே இருந்தவர்களும் உண்டு. கடைசியில் ஒருவர் மட்டும் அகப்படவில்லை. சந்திரகுமார்.

அவருடைய தகப்பன் முத்தையா, தேயிலைத் தொழிற்சாலையில் இயந்திரம் பார்த்து, மாதச் சம்பளக்காரராக ஓய்வு பெற்றவர். தோட்டத்தில் அவருக்கு ஒரு மதிப்பு உண்டு. வெள்ளை வேட்டியும் சட்டையுமாக எங்களை வரவேற்றார்.

"வாங்க மிஸ், உக்காருங்க. மகனா? கொழும்புல பெரிய ஹோட்டல். மேனேஜரு. அவனுக்குக் கீழ அவ்வளவு பேரு வேல செய்றாங்க. லீவே குடுக்க மாட்டேங்குறாங்க, அதான் திருவிழாவுக்கும் வர முடியல."

அவருடைய மகள் கௌசல்யா தேத்தண்ணி கொண்டுவந்தாள். சந்திரகுமாரின் கடைசித் தங்கை. சாதாரண தரம் எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருந்தாள். அண்ணனைப் பற்றிய பேச்சில் அவள் தலை நிமிரவில்லை. நாங்கள் எழும்பும்போது வாசல்வரை வந்து மெதுவாகக் கேட்டாள்.

"மிஸ், எங்க ஏ.எல். க்ளாஸ மூடிருவாங்களா? மூடுனா என்னைய கார்மென்ட்ஸுக்கு அனுப்பிருவாங்க."

மிஸ் அவளுக்குப் பொய்யாக ஆறுதல் சொல்லவில்லை. "தெரியாது பிள்ளை. அதுக்காகத்தான் வந்திருக்கிறம்," என்று மட்டும் சொன்னார்.

பஸ் தரிப்பிடத்தில் உட்கார்ந்து எழுதினோம். நான் ஹோட்டல் முகாமையாளர் என்று எழுதினேன். மிஸ்ஸின் தாளில் அந்த இடம் வெறுமையாக இருந்தது.

"ஏன் மிஸ்? அவரு விளக்கமாத்தானே சொன்னாரு."

"அதுதான். இந்தத் தோட்டத்தில எல்லாத் தாய் தகப்பனும் குறைச்சுக் குறைச்சுச் சொல்லுதுகள். இந்த மனுசன் மட்டும் கூட்டிச் சொல்லுறார். மகன் நல்லா இருந்தா அவரும் 'ஏதோ ஓடுது' எண்டுதான் சொல்லியிருப்பார்."

ஆனால் அதற்காக அந்த மனிதரிடம் திரும்பிப் போய்க் குறுக்குக் கேள்வி கேட்கவும் அவர் விடவில்லை. தகப்பனைக் கூச வைக்கத் தேவையில்லை, மகனைத் தேடுவோம் என்றார்.

அதே வகுப்பில் படித்த ஒருவர் குண்டசாலையில் ஆட்டோ ஓட்டினார். அவர் முதலில் தெரியாது என்றார். பிறகு கழுத்தைச் சொறிந்துகொண்டு, "என் ஆட்டோவ அவன்தான் கழுவுறான் மிஸ். நான் சொன்னேன்னு சொல்லாதீங்க," என்றார். குண்டசாலை நான் குடியிருக்கும் இடம். அவர் சொன்ன, வாகனம் கழுவும் சேர்விஸ் ஸ்டேஷனை நான் தினமும் பஸ்ஸில் கடந்து போனவள்.

சந்திரகுமார் முழங்கால்வரை நனைந்த காற்சட்டையோடு ஒரு வேனுக்குக் கீழே தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார். நாங்கள் யார் என்று சொன்னதும் குழாயை மூடினார். கொழும்பு ஹோட்டலில் அறை துப்புரவாக்கும் வேலை செய்தது உண்மை. அந்த வேலை போயிற்று. வீட்டுக்கு மட்டும் சொல்லவில்லை. வேலை உயர்ந்துவிட்டது என்று ஒருமுறை போனில் சொல்லிவிட்டார், பிறகு அதிலிருந்து இறங்க வழியில்லாமல் போயிற்று. தினக்கூலி. காய்ச்சல் வந்தால் படுக்க முடியுமா என்று மிஸ் கேட்டபோது, "படுத்தா அடுத்த நாளு வேற ஆளு நிப்பான் மிஸ்," என்றார்.

பிறகு எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மிஸ், என்னைய மேனேஜர்னே போட்டுருங்க. ஒரு ஆளுதானே. நம்ம ஸ்கூல்ல படிச்சவன் இப்புடி இருக்கான்னு தெரிஞ்சா க்ளாஸ மூடிருவாங்க. தங்கச்சி நல்லாப் படிக்கிறவ."

நான் மிஸ்ஸின் பக்கம் குனிந்து, "மிஸ், அவரப் பாவம் பாருங்க. மேனேஜர்னு போட வேணாம். எழுதாம விட்டுடுவோம். அவரு பாட்டுக்கு இரிக்கட்டும்," என்றேன்.

மிஸ் அங்கே கிடந்த ஒரு பழைய டயரின் மேல் உட்கார்ந்தார். சேலை நனைவதைப் பற்றிக் கவலைப்படவில்லை.

"தம்பி, உம்மை மேனேஜர் எண்டு எழுதினா, குழுவில இருக்கிறவை ஒரு போன் எடுத்து விசாரிச்சாப் போதும். பிறகு மற்ற எல்லாரையும் நம்பமாட்டினம். உமக்கு விருப்பமில்லாட்டி எழுதேல்லை, ஆளைக் காணேல்லை எண்டு போடுறன். அது உம்மட உரிமை. ஆனா உள்ளதை எழுத விட்டீரெண்டா, தங்கச்சிக்கு அது உதவும் எண்டு நான் நம்புறன். உறுதி சொல்லமாட்டன். பேர் வராது. வேலை மட்டும் வரும்."

வேனின் அடியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. முதலாளி உள்ளேயிருந்து சத்தம் போட்டார்.

"அப்பாவுக்குத் தெரியக் கூடாது," என்றார் சந்திரகுமார் கடைசியில்.

"என்ர வாயால தெரியவராது."

அவர் எழுதச் சொன்னார். திரும்பும் பஸ்ஸில் நான் மிஸ்ஸோடு சண்டை பிடித்தேன். பாவப்பட்ட பையனை வைத்துச் சூதாடுகிறீர்கள், கணக்கு உங்களுக்குப் பெரிதாகப் போய்விட்டது என்று என்னென்னவோ சொன்னேன். பஸ்ஸில் ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். மிஸ் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தார். இறங்கும்போது, "எனக்கும் பயமாத்தான் கிடக்கு ரிஸ்வானா," என்றார்.

கூட்டம் கண்டியில் நடந்தது. சிங்களத்தில்தான் எல்லாம். குழுவின் தலைவர் பருத்த மனிதர், எங்கள் அறிக்கையைப் புரட்டிவிட்டுச் சிரித்தார். திருவிழாவுக்குப் போய் எடுத்த கணக்கா, புதுச்சட்டை போட்டு வந்தவர்களை எல்லாம் எண்ணினால் எந்தத் தோட்டமும் முன்னேறித்தான் இருக்கும் என்றார். பக்கத்தில் இருந்தவர்களும் சிரித்தார்கள்.

மிஸ் எழுந்தார். அவருடைய சிங்களத்தில் யாழ்ப்பாணம் அப்படியே கேட்கும். அதைப் பற்றி அவர் வெட்கப்பட்டதே இல்லை. திருவிழா தொடக்கம் மட்டும்தான், அறிக்கை ஒரு முழு வகுப்பைப் பற்றியது என்றார். பிறகு ஒரு பக்கத்தைத் திறக்கச் சொன்னார்.

"இந்த ஆள் திருவிழாவுக்கு வரவில்லை. வாகனம் கழுவுகிறார். இவருடைய தகப்பனால் காய்ச்சலுக்குப் படுத்திருக்க முடிந்தது. இவரால் முடியாது. இதே பாடசாலையில் படித்துக் கீழே போனவர். இவரை மறைத்திருந்தால் எங்கள் அறிக்கை இன்னும் அழகாக இருந்திருக்கும். மறைக்கவில்லை. இப்போது மற்றப் பக்கங்களைப் பாருங்கள்."

அறையில் சிரிப்பு நின்றுவிட்டது. தலைவர் மறுபடி முதலிலிருந்து புரட்டினார். இந்த முறை வாசித்தார். இடையில் இரண்டு பேரைக் குறிப்பிட்டு, இவர்களை எப்படிப் பிடித்தீர்கள் என்று கேட்டார். மிஸ் சொன்னார். கீழே போனவனை இவ்வளவு தூரம் தேடிப் பிடித்தவர்கள் மேலே போனவர்களைப் பற்றிப் பொய் சொல்லமாட்டார்கள் என்று தலைவர் பக்கத்து ஆளிடம் சொன்னது என் காதில் விழுந்தது. வகுப்பைத் தொடர்ந்து நடத்துவது என்று தீர்மானமாயிற்று. புவியியலுக்கு ஆசிரியர் இல்லாத குறை இருந்தபடிதான் இருந்தது. அது வேறு சண்டை.

அன்றைக்கே மிஸ் என்னையும் இழுத்துக்கொண்டு சேர்விஸ் ஸ்டேஷனுக்குப் போனார். சந்திரகுமாரிடம் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார். அவர் உள்ளதை எழுத விட்டதால்தான் நம்பினார்கள் என்றும் சொன்னார். அந்த மனிதர் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார், துடைக்க ஒன்றுமில்லாமல் ஆன பிறகும்.

ஒரு வருடம் கழித்து அதே வீட்டில் அதே கேள்வியைத் திரும்பக் கேட்கவேண்டும் என்பது மிஸ் வைத்த இன்னொரு விதி. அதற்குள் அவர் யாழ்ப்பாணத்துக்கே மாற்றலாகிப் போய்விட்டார். இந்த முறை கதைக்கவேண்டியவள் நான். ஒரு புது உத்தியோகப் பிள்ளையை, வாய் திறக்காமல் கேட்பதற்குக் கூட்டிக்கொண்டு முத்தையாவின் வீட்டு வாசலில் போய் நின்றபோது, கேட்காமலே திரும்பிவிடலாமா என்று இருந்தது. தெரிந்த பொய்யை அந்த வயதான மனிதரை மறுபடி சொல்ல வைப்பது எனக்குப் பாவமாகப் பட்டது. ஆனால் அடுத்த வீட்டில் கேட்டுவிட்டு இவர் வீட்டைத் தாண்டிப் போனால் அது இன்னும் பெரிய அவமானம்.

"மகன் இப்ப என்ன செய்றாரு?" என்று கேட்டேன்.

முத்தையா என்னை நேராகப் பார்த்தார்.

"குண்டசாலையில வண்டி கழுவுறான் மிஸ். காச்சல் வந்தா லீவு கெடையாது. திருவிழாவுக்கு வந்தான். வந்து அவனே சொன்னான். அவன் ஒழச்சு சாப்புடுறான், எனக்கு அதுல ஒரு கொறையும் இல்ல. போன தடவ நான் வேற சொன்னேன். அந்தப் பெரிய மிஸ் அப்பவே நம்பல, என் மொகத்தப் பாத்தாலே தெரிஞ்சிருக்கும். இருந்தும் என்னைய ஒரு வார்த்த திருப்பிக் கேக்கல. முத்தையா இந்தத் தடவ சரியாச் சொல்லிட்டான்னு அவுங்ககிட்ட சொல்லிருங்க."

அன்று பின்னேரமே யாழ்ப்பாணத்துக்குப் போன் எடுத்து மிஸ்ஸிடம் சொன்னேன். மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"அந்தத் தங்கச்சிப் பிள்ளை படிக்கிறாளோ?" என்று கேட்டார்.

"படிக்கிறா மிஸ். நான் போகக்குள்ள ஏ.எல். வகுப்புலதான் இருந்தா," என்றேன்.